எழுந்து நிற்க ஒரு சொல்

புதிதாக நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் எல்லாம் இருந்தது, பெயர் மட்டும்தான் இல்லை. ஒரு காலையில் லாரிகளில் வந்து இறங்கினார்கள். வானொலி நிலையத்தைப் பிடித்தார்கள், கஜானாவைப் பிடித்தார்கள், பழையவர்களை ஓய்வெடுக்க அனுப்பிவைத்தார்கள். அந்த ஓய்விலிருந்து இன்றுவரை ஒருவரும் எழுந்து வரவில்லை. பழையவர்கள் தங்களை அரசாங்கம் என்று சொல்லிக்கொண்ட பாவத்துக்கு அந்தச் சொல்லும் அவர்களோடு போயிற்று. ஊரில் எந்தெந்தப் பலகையில் அரசாங்கம் என்று இருந்ததோ அங்கெல்லாம் ஆட்கள் ஏணி போட்டு ஏறித் தார் பூசினார்கள். அதன்பிறகு ஜனங்கள் தார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றார்கள், தார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், தார் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள்.

பெயர் வைத்தவை அயல்நாட்டு வானொலிகள்தான். அவை 'ரெஜீம்' என்றன. புதியவர்களுக்கு முதலில் அது பிடித்துத்தான் போனது. வாயில் போட்டால் கனமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள். யாரோ ஒரு படித்த ஆசாமி வேலையில்லாமல் அகராதியைப் புரட்டி, அயல்நாட்டார் தங்களுக்குப் பிடிக்காத ஆட்சியைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று போட்டுக் கொடுத்துவிட்டார். மனசு நொந்து போயிற்று அவர்களுக்கு. ஆயிரம் பேரைப் பிடித்து உள்ளே போட்டபோது நோகாத மனசு, இதற்கு நொந்தது. அன்றே அந்தச் சொல்லைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக ஒரு நல்ல சொல்லைத் தேடிப் பிடிக்க ஆட்சிப்பெயர் ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

இந்த வம்பெல்லாம் தையலக்காவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. யாராவது நின்றுகொண்டிருந்தால் அவளுக்குக் கை ஓடாது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரானாலும் சரி, தண்ணீர் வரி கேட்டு வந்தவரானாலும் சரி, வாசலில் நிழல் தட்டியதும் தலை நிமிராமலே "உட்காருங்க" என்பாள். அளவெடுக்க ஆளை நிற்கவைத்த பிறகும் இரண்டு தடவை உட்காரச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். ஊருக்கே அவனை விசில் என்றால்தான் தெரியும். வாய் சும்மா இருக்காது. டீக்கடை வானொலியில் ரெஜீம் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அதன் ஓசை பிடித்துப்போய் எல்லாவற்றுக்கும் அதையே போட்டான். ஒருநாள் பஸ் கிளம்பத் தாமதமாகிப் பயணிகள் சத்தம் போட்டபோது, டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "ரெஜீமோட பஸ்ஸுங்க இது, அது நினைச்சாத்தான் கிளம்பும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். முன் சீட்டில் சாதா உடையில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கினார்.

டிக்கெட் பையையும் அவன் ஊதும் விசிலையும் எடுத்துக்கொண்டு அந்த பஸ்ஸின் டிரைவர் வீட்டுக்கு வந்து நின்றார். விசிலுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன். "உட்காருங்கண்ணே" என்றாள் தையலக்கா. அவர் உட்காராமல் பையை மெஷின் மேல் வைத்தார். அவர் நடந்ததைச் சொன்னதும் அவள் சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கூண்டுக்குள் விசில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். உதடு வீங்கியிருந்ததால் அது சிரிப்பாக வரவில்லை.

"விடுறதுல எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லைம்மா. சின்னக் கேஸு. ஆனா விடுறப்ப 'இன்னாருடைய ஆணைப்படி விடுவிக்கப்படுகிறார்'னு எழுதணும். அந்த இன்னாருக்கு என்ன பேருன்னு இன்னும் முடிவாகலை."

"பிடிச்சப்ப யாரு ஆணைப்படி சார் பிடிச்சீங்க?"

"பிடிக்கிறதுக்கு ஆணை எதுக்கும்மா? கை போதும்."

அவள் கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு கம்பிகளுக்கிடையில் நுழையவில்லை. ஒரு காவலர் பெருமூச்சு விட்டுக் கூண்டின் கதவைத் திறந்து தூக்கை உள்ளே வாங்கிவைத்துவிட்டு மறுபடி பூட்டினார். "நாளைக்குச் சின்னத் தூக்காக் கொண்டுவாம்மா" என்றார். வீட்டில் இருந்ததே அந்த ஒரு தூக்குதான்.

பெயர் முடிவாகிற இடத்திலேயே கேட்டுவிடலாமென்று தையலக்கா ஆணையத்துக்குப் போனாள். அது முன்பு நூலகமாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. புத்தகங்களை அப்புறப்படுத்திவிட்டதால் அலமாரிகள் வசதியாக இருந்தன, அதிகாரிகள் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டார்கள். கீழே மூன்று பிரிவுகள். ஒத்தசொல் பிரிவு, பயன்பாட்டுப் பிரிவு, எதிர்ச்சொல் பிரிவு. மூன்றாவது பூட்டியிருந்தது.

"அங்க ஒருத்தர் இருந்தாருக்கா" என்றார் பியூன். வந்த முதல் நாளே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்ட நரைத்த மனுஷர். "நல்ல உழைப்பாளி. ராப்பகலா உட்கார்ந்து எதிர்ச்சொல் ஒண்ணைக் கண்டுபிடிச்சாரு. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"என்ன சொல்லுண்ணே அது?"

"அதைக் கேட்டவங்களையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் பியூன்.

தையலக்கா ஒத்தசொல் அதிகாரி முன்னால் போய்ப் புருஷன் கதையைச் சொன்னாள். அவர் பாதியிலேயே முகம் மலர்ந்து, "அப்ப நீங்க பொதுமக்களா?" என்று கேட்டார்.

"நான் தையல்காரிங்க."

"அதெல்லாம் பரவாயில்லை. எங்களுக்குப் பொதுமக்கள் ரொம்ப நாளாத் தேவைப்படுறாங்க. தானா யாரும் வர மாட்டேங்குறாங்க. மாடிக்குப் போங்க, 'பொதுமக்கள்'னு ஒட்டியிருக்கிற நாற்காலியில உட்காருங்க. சீக்கிரம் சொல் கிடைச்சா சீக்கிரம் உங்க வீட்டுக்காரர் வருவார். உங்க கையிலதான் இருக்கு."

மாடியில் ஏற்கெனவே சில பொதுமக்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்த ஒரு ஜோடி அவளுக்குப் பக்கத்தில். பதிவுச் சான்றிதழிலும் இன்னாருடைய அதிகாரத்தால் என்று எழுத வேண்டுமாம். காத்திருந்த காத்திருப்பில் இருவருக்கும் சண்டை வந்து, பிரிந்துவிடுவதென்று முடிவு செய்து, அதற்கும் சொல் இல்லாததால் சேர்ந்தே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே நீல மேஜை விரிப்புக்குப் பின்னால் ஆணையத் தலைவர். வந்தவர்களிலேயே பெரிய லாரியில் வந்தவர் அவர்தான் என்று பேச்சு. பக்கத்தில் ஒரு திரை.

சொல்லைச் சோதிக்கும் முறையைத் தலைவரே வகுத்திருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சொல்லை உச்சரிக்கும். அதைக் கேட்டதும் பொதுமக்கள் யாரும் சொல்லாமலே தாமாக எழுந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் அது ஆளத் தகுந்த சொல். "எழுந்திருங்கன்னு சொல்லி எழுந்திருக்க வைக்கிறது பழைய பாணி. நம்ம பாணி அதுக்கும் மேல" என்றார் தலைவர்.

முதல் நாள் 'ஆட்சி' சோதிக்கப்பட்டது. திரை கணீரென்று சொன்னது. யாரும் அசையவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் தலைவர். "ஆட்சின்னு சொன்னாலே அடுத்ததா மாறும்னு சொல்லிப் பழகிட்டாங்க. ஆட்சி மாறும், ஆட்சி மாறும். அந்தச் சொல்லுக்குள்ளயே துரோகம் இருக்கு. அடுத்தது."

'நிர்வாகம்' என்றது திரை. எழவில்லை. ஆனால் தலைவருக்கு அதன்மேல் ஒரு கண். சைக்கிள் நிறுத்துமிடத்திலும் ஓட்டலிலும் 'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதியிருப்பதை அவர் பார்த்திருக்கிறார். "எவ்வளவு அழகான சொல். வாயைத் திறந்ததும் பொறுப்பல்லன்னு வந்துடுது. மக்களுக்குக் கஷ்டமே இல்லை, கேட்கணும்னே தோணாது" என்று உருகினார். பயன்பாட்டு அதிகாரி தயங்கித் தயங்கி, நிர்வாகம் என்றால் எதையோ நிர்வகிக்க வேண்டியிருக்கும் என்று ஜனங்கள் நினைத்துவிடக்கூடும் என்றார். தலைவர் முகம் இருண்டது. நிர்வாகம் போயிற்று.

'ராஜ்ஜியம்' என்றபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மண்டபமே பரபரத்தது. ஒத்தசொல் அதிகாரிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாருக்கும் டீ சொன்னார்கள். டீ வருவதற்குள் எழுந்த மனிதர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். 'பகுதி ஏற்பு' என்று குறித்துக்கொண்டார்கள்.

தையலக்கா தினமும் போனாள். காலையில் வாங்கிய சட்டைத் துணிகள் வெட்டாமலே பெஞ்சில் கிடந்தன. உச்சிப்பொழுதில் டிரைவர் அண்ணன் தன் பஸ்ஸில் அவளைக் காவல் நிலையத்தில் இறக்கிவிடுவார், காவலர் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்து தூக்கை உள்ளே வாங்குவார், திரும்ப ஆணையம். எல்லாச் சொல்லுக்கும் எழுந்து தொலைத்துவிடலாமே என்றுகூட நினைத்தாள். ஒருத்தி மட்டும் எழுந்தால் அது கலகம் என்று பியூன் எச்சரித்துவைத்திருந்தார்.

சொற்கள் தீர்ந்துகொண்டே வந்தன. தலைவருக்குப் பொதுமக்கள்மேல் வெறுப்பு வந்துவிட்டது. "நல்ல சொல் எதுன்னு தெரியாத ஜனங்க. நாம இவங்களுக்காக இருக்கோம்னு காட்டுற மாதிரி ஒரு சொல் வேணும். ஆனா அதை நம்பிக்கிட்டு வந்து இவங்க எதையும் கேட்டுடக் கூடாது. இவ்வளவு சின்ன விஷயம், இதுக்கு ஒரு சொல் கிடையாதா தமிழ்ல?" என்று மேஜையைத் தட்டினார்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தடை செய்யப்பட்ட சொல்லைப் பற்றியும் ஓர் அறிக்கை படிக்க வேண்டியிருந்தது. பயன்பாட்டு அதிகாரி ஒல்லியான மனிதர். அந்தச் சொல்லை ஒரே ஒரு முறை உச்சரிக்க எழுத்துமூலம் அனுமதி வாங்கியிருந்தார். கதவுகளைச் சாத்தினார்கள். அவர் அறிக்கையைப் பிரித்தார்.

"அயல்நாட்டார் தங்களுடையதை அட்மினிஸ்ட்ரேஷன் என்பார்கள். நண்பர்களுடையதை கவர்ன்மென்ட் என்பார்கள். பிடிக்காதவர்களுடையதை மட்டுமே இந்தச் சொல்லால் குறிப்பார்கள். இதற்குப் பக்கத்தில் அடிக்கடி காணப்படும் வினைச்சொற்கள்: கவிழ்ந்தது, ஒழிந்தது, ஓடிப்போனது. அந்தச் சொல்லாவது," அவர் எச்சில் விழுங்கினார். "ரெஜீம்."

அவ்வளவுதான். மொத்த மண்டபமும் எழுந்துவிட்டது. சொன்னது யாராக இருந்தாலும் பிடித்துக்கொண்டு போகப் போவது பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். பொதுமக்கள் கதவுப் பக்கம் பாயத் தயாராக நின்றார்கள். கல்யாண ஜோடி கையைப் பிடித்துக்கொண்டது. எழுத்தர் எழுந்தார், பியூன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். தலைவரே நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

பாதி எழுந்தபடியே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் எழுந்துட்டாங்க" என்றார் மெதுவாக.

"பயத்துல சார்" என்றார் பயன்பாட்டு அதிகாரி.

"காரணமெல்லாம் எழுத வேண்டாம். எழுந்தாங்கன்னு மட்டும் எழுது."

அன்று மாலையே தார்மேல் வெள்ளைச் சாயத்தில் புதுப் பெயர் ஏறியது. ரெஜீம் ஆஸ்பத்திரி, ரெஜீம் பள்ளிக்கூடம், ரெஜீம் பஸ். மறுநாள் காலை பயன்பாட்டு விதியைத் தலைவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் யாராக இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். கைகள் பக்கவாட்டில், பார்வை நேரே, பேச்சு கூடாது, அசைவு கூடாது. பெயரைச் சொன்னவர் 'அமரலாம்' என்ற பிறகுதான் உட்காரலாம்.

"சொன்னவர்தான் அமரச் சொல்லணுமா சார்? வேற பெரியவங்க யாராவது..." என்று இழுத்தார் பயன்பாட்டு அதிகாரி.

"நான் எழுந்திருக்க வெச்சவங்களை நடுவுல இன்னொருத்தன் உட்காரச் சொன்னா என் மரியாதை என்ன ஆகுறது? சொன்னவர்தான்."

"வேற யாராவது அந்தப் பேரைச் சொல்லிட்டா சார்?"

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு முன்னால நின்னு அதைச் சொல்ற தைரியம் வேற எவனுக்கு வரும்?"

வாஸ்தவம்தான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். விதியை நாடெங்கும் அனுப்பிவிட்டு உடனே ஒத்திகை வைத்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். எழுந்தார்கள். அவர் அதை அனுபவித்து ரசித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மேலே இருப்பவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஓடினார். பேசி முடித்ததும் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, சாப்பிடப் போனார். சாப்பிட்டதும் கண் சொருகியது.

மண்டபம் நின்றது. பியூன் கையிலிருந்த தட்டில் டீ ஆறி ஆடை கட்டியது. பயன்பாட்டு அதிகாரியின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, சாவகாசமாகக் கால்களைத் தேய்த்துக்கொண்டு, அங்கேயே குடியிருக்க முடிவு செய்தது. தையலக்காவுக்குப் பாதம் வீங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. உச்சிப்பொழுது போய்க்கொண்டிருந்தது. தூக்கு அவள் காலடியில் இருந்தது. அவர் பட்டினி கிடப்பாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது, துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு முழங்கால் மடங்கி அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வாசல் காவலர்கள் நின்ற நிலையிலேயே அவனைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் தலைவர் வந்து, "அடடே, இன்னுமா நிக்கிறீங்க? அமரலாம்" என்று பெருமையோடு சொன்ன மறுநிமிஷம் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவனைப் பிரியக் காத்திருந்த பெண் வாய்விட்டு அழுதாள்.

தையலக்கா கால் நொண்டிக்கொண்டு ஒத்தசொல் அதிகாரியிடம் போனாள். "அதான் சொல் வந்துடுச்சே சார். எழுதிக் குடுத்துடுங்க, அவரைக் கூட்டிட்டுப் போறேன். அவர் சொன்னதும் இந்தச் சொல்லைத்தானே. அது நல்ல சொல்லுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

அதிகாரி அனுதாபத்தோடு அவளைப் பார்த்தார். "அங்கதாம்மா சிக்கல். முன்னாடி அவர் சொன்னது ஒரு கெட்ட சொல். சின்னக் குற்றம், மன்னிச்சு விட்டிருப்போம். இப்ப பார்த்தா, பெருமைக்குரிய பேரை, ஓடுற பஸ்ஸுல, டிக்கெட் கிழிச்சுக்கிட்டே சொல்லியிருக்கார். பஸ்ஸுல ஒருத்தர்கூட எழுந்திருக்கலை. சிரிச்சிருக்காங்க. குற்றம் பெரிசாயிடுச்சு."

"அப்ப இந்த விதியே இல்லையேங்க."

"விதி இல்லாட்டி மரியாதை இருக்கக் கூடாதாம்மா?" என்றார் அதிகாரி. "நாளைக்குக் காலையில வடக்கு முகாமுக்கு லாரி போகுது. அதுல அவர் பேரு இருக்கு. இப்பவே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க."

வடக்கு முகாமிலிருந்து யாரும் திரும்பியதில்லை. தையலக்கா வாசலுக்கு வந்தாள். டிரைவர் அண்ணன் காலி பஸ்ஸை டிப்போவில் விடப் போகிற வழியில் அவளுக்காக நிறுத்தி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "ஏறும்மா" என்றார் கடைசியில். "முகத்தையாவது பார்த்துட்டு வரலாம்." காவல் நிலையத்து எதிரில், எஞ்சினை அணைக்காமல், பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வந்து அவனைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டரும் மூன்று காவலர்களும் இருந்தார்கள். காவலர் வழக்கம்போல் பெருமூச்சு விட்டுக் கூண்டுக் கதவைத் திறந்தார். விசில் எழுந்து வந்து தூக்கை வாங்கினான். மதியம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவள் காலைப் பார்த்தான். "என்ன இப்படி வீங்கியிருக்கு?" என்றான்.

அவள் நாளைக் காலை லாரியைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு அன்று புதுச் சுற்றறிக்கை ஒன்று வந்திருந்தது. உள்ளே வருகிறவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ள வேண்டுமாம். பேனாவைத் திறந்துகொண்டு அசிரத்தையாகக் கேட்டார்: "யாரோட அனுமதியில உள்ள வந்தீங்கம்மா?"

அவள் நினைப்பெல்லாம் கூண்டுக்குள் இருந்தது. ஆயாசத்தோடு, கேட்டதற்குப் பதிலைச் சொன்னாள். "ரெஜீமோட அனுமதியிலதாங்க. வேற யாரோட அனுமதி?"

நாற்காலி பின்னால் சரிந்து விழ இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். காவலர்கள் மூவரும் குச்சிபோல் நிமிர்ந்தார்கள். கைகள் பக்கவாட்டில், பார்வை நேரே. கதவைப் பிடித்திருந்த காவலர் அதை விட்டுவிட்டதால் அது கிறீச்சென்று இன்னும் அகலமாகத் திறந்துகொண்டது. கூண்டுக்குள் விசிலும் தூக்கும் கையுமாக விறைத்து நின்றான். காலையிலேயே கைதிகளுக்கும் பாடம் நடத்தியிருந்தார்கள்.

தையலக்கா அவர்களைப் பார்த்தாள். தான் என்ன தப்பு செய்துவிட்டோம் என்று முதலில் பயந்துதான் போனாள். அடிக்க வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் கண்மணி மட்டும் ஓரமாக நகர்ந்து அவளைப் பார்த்தது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. மத்தியானம் முழுக்க அவளும் அதே மாதிரி ஒருத்தர் வாயைப் பார்த்துக்கொண்டுதானே நின்றாள்.

கூண்டுக்குள் போய்ப் புருஷன் கையைப் பிடித்தாள். "வாங்க."

"நகரக் கூடாது" என்றான் உதடு அசையாமல்.

"இத்தனை வருஷத்துல ஒருநாளாவது ஒரு சட்டத்தை மதிச்சிருக்கீங்களா? இன்னைக்குத்தான் மதிக்கணுமாக்கும். வாங்கன்னா."

வந்தான். நான்கு பேருக்கு நடுவில் இருவரும் நடந்தார்கள். வாசலில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் கண்ணாலேயே கெஞ்சினார். நெற்றியில் வியர்வை வழிந்து புருவத்தில் நின்றது. பாவம், நிற்கிறார்களே என்று அவள் வாய் தானாகத் திறந்துவிட்டது. ஆயுசு முழுக்க நிற்கிறவர்களைக் கண்டால் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது புருஷனின் வீங்கிய உதடு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறியதும் விசில் பழக்கதோஷத்தில் பின்படியில் நின்று, "போலாம் ரைட்" என்றான். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். டிப்போவுக்குத் திரும்ப வேண்டிய முனையில் திரும்பாமல் நேரே எல்லைச் சாலையில் விட்டார்.

காவல் நிலையத்துக்கு வேறு வேலையாக வந்த ஒருவர் நான்கு பேர் சிலையாக நிற்பதையும் கூண்டு திறந்து கிடப்பதையும் பார்த்துத் தலைவருக்குத் தகவல் சொன்னார். தலைவர் வந்தார். என்ன நடந்தது என்று கத்தினார். பேச்சு கூடாதென்பதால் யாரும் பேசவில்லை. "அமரலாம்" என்றார். யாரும் அமரவில்லை. அவர் சொன்ன பெயருக்கு அவர்கள் எழுந்திருக்கவில்லையே. விதியை அவரே எழுதியவர், அவருக்கா தெரியாது. மேஜைமேல் கிடந்த பதிவேட்டில் கடைசியாக வந்தவள் கைதியின் பெண்டாட்டி என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வானொலி நிலையத்தைக் கூப்பிட்டு, தப்பியோடிய கைதியையும் அவன் பெண்டாட்டியையும் பிடிக்கச் சொல்லி நாடு முழுக்க அறிவிக்க உத்தரவிட்டார்.

அறிவிப்பாளர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, "ரெஜீமின் ஆணைப்படி" என்று ஆரம்பித்தார். அத்தோடு அறிவிப்பு நின்றது. அவரே எழுந்து நின்றுவிட்டார். ஊரெல்லாம் டீக்கடைகளில், சாவடிகளில், ரோந்து ஜீப்புகளில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அமரலாம் என்று சொல்லத்தான் அறிவிப்பாளருக்கும் ஆசை. ஆனால் இன்னொருவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவன் சொன்னவன் ஆவானா என்று அவருக்குச் சந்தேகம். அதைத் தெளிவுபடுத்த வேண்டியது பயன்பாட்டுப் பிரிவு. பயன்பாட்டு அதிகாரி வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டு, மூக்கில் ஈ இல்லாத நிம்மதியோடு, நின்றுகொண்டிருந்தார்.

டிரைவர் அண்ணனின் பஸ்ஸில் வானொலி கெட்டுப்போய் ரொம்ப காலமாயிற்று. பழுது பார்க்கக் கேட்டு அவர் கொடுத்த மனுவுக்குப் பதில் எழுத இன்னாருக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. வழியெல்லாம் சாலையோரத்தில் ஆட்கள் விறைத்து நின்றார்கள். சாவடியில் தடுப்புக் கட்டை தூக்கியபடியே இருந்தது, காவலர்கள் மரியாதையாக நிமிர்ந்து நின்று பஸ்ஸை அனுப்பிவைத்தார்கள். "நம்ம பஸ்ஸுக்கு என்னைக்கும் இல்லாத மரியாதையா இருக்கே" என்றார் டிரைவர் அண்ணன். எல்லைக்கு அப்பால் போய்த்தான் நிறுத்தினார். அங்கே இறங்கித்தான் விசில் தூக்கைத் திறந்து சாப்பிட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், அவன் சாப்பிட்டு முடிக்கிறவரை அழுதாள்.

இப்போது வேறொரு ஊரில் தையலக்காவுக்கு ஒரு முன்னறையும் ஒரு மெஷினும் ஒரு பெஞ்சும் இருக்கின்றன. அந்த ஊரில் ஆள்பவர்களை ஜனங்கள் என்னென்னவோ சொல்கிறார்கள், பாதியை எழுத முடியாது. வாசலில் நிழல் தட்டினால் அவள் தலை நிமிராமலே "உட்காருங்க" என்கிறாள். பழைய ஊரிலிருந்து வருகிற சிலர், அந்த நான்கு பேரும் இன்னும் நிற்கிறார்கள் என்றும், முறை வைத்து வேறு ஆட்கள் வந்து சோறு ஊட்டுகிறார்கள் என்றும், தலைவரே அவளுக்கு மன்னிப்பு எழுதி வைத்திருப்பதாகவும், ஒரே ஒரு தடவை வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனால் போதுமென்றும் சொல்கிறார்கள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு கேட்கிறாள்.

"கல்யாணத்தைப் பதியறதுக்கு வந்த பையனை விட்டாங்களா?" என்று கேட்கிறாள்.

அவனைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

"அப்ப நிக்கட்டும்" என்கிறாள்.